இருபத்தேழு நாளுக்கு ஒரு அழைப்பு

பூவங்கரைக் காவு என்கிற தேவி கோயிலில் சர்வர் விழுந்தால்தான் தரியன் மாஷின் போனில் மனிதக் குரல் கேட்கும். மற்றபடி வருவதெல்லாம் காப்பீடு விற்கிற பதிவுக் குரல்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அயர்லாந்திலிருந்து மனைவி ரோசிலி கூப்பிடுவாள். அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. பாதி நேரம் பேரனை அதட்டுவாள், மீதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பாள். மகளின் இரண்டாவது பிரசவத்துக்கென்று ஆறு மாதத்துக்குப் போனவள், போய் நாலு வருஷம் ஆகிறது. "ஏன் மனுஷா, நீயும் இங்க வந்துடேன்" என்று முதலில் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதையும் சொல்வதில்லை.

இரிஞ்ஞாலக்குடையைத் தாண்டி உள்ளே போகிற சாலையில், ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே வீடு. மாஷுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் டுட்டோரியல் கல்லூரியில் கணினி சொல்லிக்கொடுத்தவர், அந்த மாஷ் பட்டம் அதோடு ஒட்டிக்கொண்டது. கல்லூரி மூடிய பிறகு சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு டேட்டாபேஸ் போட்டுக் கொடுத்து, அது படுத்தால் எழுப்பிவிடும் வேலையை எடுத்துக்கொண்டார். இரண்டு பள்ளிக்கூடம், ஒரு லைப்ரரி, சொந்த இடவகையின், அதாவது தேவாலயப் பங்கின், ஞானஸ்நானப் பதிவேடு எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகப் பெரிய கம்பெனிகளிடம் போய்ச் சேர்ந்தன. மிச்சம் நின்றது காவு ஒன்றுதான்.

காவில் ஐந்து வழிபாட்டுக் கவுண்டர்கள். பெயரும் நட்சத்திரமும் சொன்னால் புஷ்பாஞ்சலிக்கோ நெய்விளக்குக்கோ சீட்டு அடித்துத் தருவார்கள். ஐந்து கவுண்டருக்கும் பின்னால் ஒரே சர்வர், அதற்குள் ஒரே டேட்டாபேஸ். அதைக் கட்டியவர் தரியன் மாஷ். மூன்று வாரம் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கட்டினார். "சோறு போட இடமில்லை, இந்தப் பிணத்தை எப்ப எடுக்கப் போறே?" என்று ரோசிலி கத்திக்கொண்டே இருந்தாள். கட்டி முடித்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். பெட்டி கோபுர வாசலைத் தாண்டி உள்ளே போயிற்று. மாஷ் வெளியே நின்றுகொண்டார். இந்துக்கள் அல்லாதார் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் பலகை இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாக அந்தப் பெட்டியை அவர் கண்ணால் கண்டதில்லை. எல்லாப் பண்டுவமும் வீட்டிலிருந்தே, லைன் வழியாகத்தான். இதற்காக அவர் கோபப்பட்டதே இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். கோபப்படுகிறவனுக்குப் பேச நாலு பேராவது கிடைப்பார்கள்.

எட்டு வருஷம் ஒழுங்காக ஓடிய சர்வர், போன வருஷம் விழ ஆரம்பித்தது. காரணமே தெரியவில்லை. காலை பத்தேகால், பத்தரை வாக்கில் டேட்டாபேஸ் திடீரென்று செத்துப்போகும். ஐந்து கவுண்டரிலும் திரை உறையும். வரிசையில் நிற்கிறவர்கள் அர்ச்சனையை ஆரம்பிப்பார்கள், தேவிக்கு அல்ல.

உடனே முதல் கவுண்டரில் சீட்டு அடிக்கிற பெண், சுபத்ரா வாரஸ்யார், கூப்பிடுவார்.

"மாஷே! விழுந்துடுச்சு!"

"என்ன? கேக்கலை."

"விழுந்துடுச்சுங்கறேன்! மேளம் மாஷே, மேளம்! காதுல என் குரலே எனக்கு விழலை!"

"சத்தம் இல்லாத இடமாப் பாத்துப் போய்க் கூப்பிடுங்க வாரஸ்யாரே. இப்படிக் கத்தினா எனக்கு என்ன புரியும்?"

அவர் அன்னதானம் நடக்கிற ஊட்டுப்புரைக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போய் மறுபடி கூப்பிடுவார். அதற்குள் மாஷ் லைனில் புகுந்து சர்வரை எழுப்ப ஆரம்பித்திருப்பார். திடீரென்று செத்த டேட்டாபேஸ் சும்மா எழுந்து உட்காராது. கடைசியாக எழுதிக்கொண்டிருந்ததை எல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்து, அரைகுறையாக நின்றதைச் சரிசெய்துகொண்டுதான் எழும். அதற்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் இருவருக்கும் செய்ய ஒரு வேலையும் கிடையாது. பேசலாம். பேசினார்கள்.

"இன்னிக்கு என்ன சமையல் மாஷே?"

"மத்தி. முந்தாநாள் வச்சது."

"முந்தாநாள் மத்தியா! உங்க பாத்திரத்துக்கு வாய் இருந்தா அழுதிருக்கும்."

"மீன் குழம்பு பழசானாத்தான் ருசி. உங்களுக்கு என்ன தெரியும், நீங்க சாம்பார்க்காரங்க."

"சரிதான். தெரியாதவங்ககிட்ட ஏன் இவ்வளவு விளக்கம்?"

வாரஸ்யார் விதவை, வயது ஐம்பதைத் தொடும். குடும்ப வழக்கப்படி காவில் மாலை கட்டிக்கொண்டிருந்தவர். நாற்பது வயதுக்கு மேல் தட்டச்சு படித்து, கணினி படித்து, கவுண்டரில் வந்து உட்கார்ந்தார். ஐந்து பேரில் அவர் கைதான் வேகம். அதனால் கூட்டம் வரும் நாள்களில் காலை முறை அவருக்குத்தான். அந்த நாற்காலியைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு நிமிர்வு இருக்கும். மாஷ் மத்தியைப் பற்றிப் பேசுவார், மழையால் காய்ப்பு குறைந்துபோன ஜாதிக்காயைப் பற்றிப் பேசுவார், ஒருமுறை ரோசிலியைப் பற்றியும் பேசினார். சர்வர் எழுந்ததும் வாரஸ்யார் "வந்துடுச்சு!" என்று கத்திவிட்டு ஓடிவிடுவார். மாஷ் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

காரணத்தை அவர் தேடாமல் இல்லை. மெமரியை மாற்றச் சொன்னார். மின்சாரத்தைச் சந்தேகித்து யூபிஎஸ்ஸை மாற்றச் சொன்னார். அணில் கடித்திருக்குமோ என்று வயரை எல்லாம் மாற்ற வைத்தார். ஹார்ட் டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்றுதான் டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுச் சாகும். ஆனால் எழுந்த பிறகு டிஸ்க்கைச் சோதித்தால் ஒரு கீறல் இருக்காது, பச்சைக் குழந்தை மாதிரி இருக்கும். டிஸ்க்கை மாற்றச் சொல்லியும் பார்த்தார். புது டிஸ்க்கும் விழுந்தது.

"கூட்டம் வந்தா விழுது" என்றார்கள் காவில். மாஷ் ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அதைவிடக் கூட்டம், அப்போதெல்லாம் விழவில்லை. விழுந்த தேதிகளை நோட்டில் எழுதி வைத்தார். மார்ச் ஒன்பது, ஏப்ரல் ஐந்து, மே இரண்டு, மே இருபத்தொன்பது. எண்ணிப் பார்த்தால் சரியாக இருபத்தேழு நாள். மாஷ் துள்ளிக் குதித்தார். ஏதோ ஒன்று சர்வருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, இருபத்தேழாம் நாள் நிரம்பி வழிகிறது என்று முடிவு கட்டினார். கசிவதைக் காலி செய்ய ஞாயிறு ராத்திரிதோறும் சர்வரை அணைத்துப் போட்டார். அப்படியும் இருபத்தேழாம் நாள் விழுந்தது.

இருபத்தேழு நாளைக்கு ஒருமுறை திரும்பி வருவது எது என்று அந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், நட்சத்திரம் என்று. காவின் தேவிக்குக் கார்த்திகை. மாஷின் சுவரில் தொங்கியதோ இடவகைக் காலண்டர். அதில் புனிதர்களின் நாள் உண்டு, நோன்பு நாள் உண்டு, கார்த்திகை கிடையாது. அந்த டேட்டாபேஸுக்குள் இருபத்தேழு நட்சத்திரத்தையும் தன் கையாலேயே அடித்து ஏற்றியவர் அவர். "தேவியோட நாள்லதான் விழுது மாஷே, தேவிக்கு ஏதோ பிடிக்கலை" என்று காவின் செயலாளர் பங்கஜாட்சன் நாயர் ஒருமுறை சொல்லவும் செய்தார். மாஷ் அதைப் பக்திப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார். கம்ப்யூட்டர்காரர்களுக்கு இது ஒரு நோய். திரையில் வராத எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

பதினான்காவது மாதம் நாயர் வேறு முடிவுக்கு வந்திருந்தார். அந்த மாதக் கார்த்திகை அன்று காலை பத்து மணிக்கு வாரஸ்யார் கூப்பிட்டார். சர்வர் விழவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலில் ஒரு புது வழிபாட்டைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். மாஷ் லைனில் புகுந்தார்.

"மாஷே, இன்னொண்ணு. செக்ரட்டரி காலையில கூப்பிட்டுச் சொன்னாரு. விழறப்பல்லாம் முதல் கவுண்டர்ல நீதானே இருக்கே, உன் கையிலதான் ஏதோ கோளாறுன்னு. அடுத்த தடவை விழுந்தா நான் மாலை கட்டப் போயிடணுமாம்."

"அவருக்கு என்ன தெரியும்? சீட்டு அடிச்சா சர்வர் விழுமா?"

"அதை நீங்க வந்து சொல்லணும். நான் சொன்னா எதுத்துப் பேசறேம்பாரு. இருங்க மாஷே, மேளம் இந்தப் பக்கம் வருது. நான் ஊட்டுப்புரைக்குப் போய்..."

"போகாதீங்க" என்றார் மாஷ்.

அவருடைய திரையில் ஒரு எண் ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்கில் ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் எண். எப்போதும் நாலு, ஐந்து என்று கிடக்கும். இப்போது நாற்பது. போனில் செண்டைகள் நெருங்கி வந்தன. நூறு. தாளம் ஒரு படி வேகமானது. இருநூறு. ஒரு நிமிஷம் செண்டைகள் இறங்கின, எண்ணும் இறங்கியது. மாஷ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"போனை வைக்காதீங்க. கையை அப்படியே வெளிய நீட்டுங்க."

மேளத்தின் கடைசிக் கட்டமான அதிவேக ஐந்தாம் காலம் தொடங்கியது. அறுபது செண்டையும் இலத்தாளமும் கொம்பும் ஒன்றாக உச்சத்துக்கு ஏறின. எண் ஆயிரத்தைத் தாண்டியது, மூவாயிரத்தைத் தாண்டியது. ஜனங்கள் கையைத் தூக்கி ஆர்ப்பரிக்கும் சத்தம் கேட்ட அதே நொடியில் டேட்டாபேஸ் விழுந்தது.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது, அதன்மேல் மயிரிழை இடைவெளியில் ஒரு முனை நின்று எழுதுகிறது. ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு ஊசியில் நூல் கோர்ப்பது போன்ற வேலை. பக்கத்தில் அறுபது செண்டை அதிர்ந்தால் அந்த முனை தடம் பிடிக்க முடியாமல் தடுமாறும். மேளம் முடிந்தால் ஒன்றும் நடக்காதது போல எழுதும். பதினான்கு மாதமாக மேளம் அவர் காதில்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அவர்தான் சத்தமில்லாத இடத்துக்குப் போகச் சொல்லிச் சொல்லி அதை விரட்டினார்.

"வாரஸ்யாரே, சர்வர் இப்ப எங்க இருக்கு? ஆபீஸ் மேசை மேலதானே?"

"அது அப்ப. போன வருஷம் ஆபீஸ்ல தரை மாத்தினாங்களே, அப்ப மேற்குச் சுவர்ல பலகை அடிச்சு அதுமேல ஏத்திட்டாங்க. ஏன் மாஷே?"

மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கார்த்திகைதோறும் மேளம் நின்று கொட்டுகிற இடம். மாஷ் வாயைத் திறந்தார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

"சும்மா கேட்டேன். எழுப்பிடறேன், பன்னிரண்டு நிமிஷம்."

அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் வாரஸ்யார் அழுதார். நாயர் வந்து எதிரில் நின்று, "சரி, இன்னும் ஒரே ஒரு தடவை. அடுத்த கார்த்திகைக்குப் பாப்போம்" என்று சொன்னது மாஷுக்கும் கேட்டது.

அன்று மத்தியானமே மாஷ் அறிக்கையை எழுதிவிட்டார். ஒரு பக்கம்தான். தட்டு சுழலாத புது வகை டிஸ்க் ஒன்று போட்டால் போதும், அறுபது செண்டை என்ன, அறுநூறு கொட்டினாலும் விழாது. அதை அனுப்ப வேண்டிய விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நாளைக்கு அனுப்பலாம், ஒருமுறை சரிபார்த்துவிட்டு என்று சொல்லிக்கொண்டார். மறுநாள் சொற்களை மாற்றி எழுதினார். அதற்கடுத்த நாள் கஞ்சி வைத்தார், பயறு வைத்தார், குளித்தார், திரையைத் திறக்கவே இல்லை.

இதை மூடி மறைத்துப் பயனில்லை. டிஸ்க்கை மாற்றிவிட்டால் போன் அடிக்காது. அந்த ஒரு எண்ணம்தான் அவரைப் பிடித்து வைத்தது. வாரஸ்யாரின் நாற்காலி போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரிந்தும், இன்னும் நாள் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டார். பத்து நாள் இருந்தது, ஐந்து நாள் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் போனைக் கையில் எடுத்து, வாரஸ்யாரின் எண்ணைத் திரையில் கொண்டுவந்தார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஒன்பது வருஷத்தில் ஒருமுறைகூட அவர் தானாக அந்த எண்ணைக் கூப்பிட்டதில்லை. காரணம் இல்லாமல் ஒரு பெண்பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது என்று போனை வைத்துவிட்டார். காரணம் பக்கத்து அறையில் ஒரு பக்க அறிக்கையாக எழுதிக் கிடந்தது.

கார்த்திகை அன்று காலை பத்து மணிக்கே சட்டை போட்டுக்கொண்டு மேசைமுன் உட்கார்ந்தார். பத்து இருபத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"விழுந்துடுச்சு மாஷே."

வாரஸ்யார் கத்தவில்லை. நேராக ஊட்டுப்புரைக்குப் பின்னாலிருந்தே கூப்பிட்டிருந்தார்.

"எழுப்பிடறேன். பன்னிரண்டு..."

"எழுப்புங்க. இனிமே வேற யாராவது கூப்பிடுவாங்க. நாளையிலேருந்து நான் மாலை கட்டறேன். உங்க மேல ஒண்ணும் குத்தமில்லை, நீங்களும் எத்தனையோ பாத்தீங்க. மத்தியை மூணு நாள் வச்சுச் சாப்பிடாதீங்க."

போனை வைத்துவிட்டார். சர்வர் எழுகிற பன்னிரண்டு நிமிஷத்தையும் மாஷ் தனியாக உட்கார்ந்து எண்ணினார். நாயருக்கு அறிக்கையை அனுப்பினார், அதோடு நிற்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் போய்க் கோபுர வாசலில் நின்றார். நாயர் வெளியே வந்தார், நெற்றியில் சந்தனம் காயவில்லை.

"மேளம் கொட்டினா கம்ப்யூட்டர் விழுமா? மாஷே, இதை எந்த ஜோசியர்கிட்டப் பாத்தீரு?"

"ஒரு செண்டையை அந்தப் பலகை கிட்ட வச்சுக் கொட்டச் சொல்லுங்க. நான் இங்க வாசல்லயே உக்காந்து, எப்ப கொட்டினாங்க, எப்ப நிறுத்தினாங்கன்னு சொல்றேன்."

"கம்ப்யூட்டருக்கு மேளமா! என் காலத்துல இதையும் பாக்கணுமா" என்று சொன்னாலும் நாயருக்கு ஆசை வந்துவிட்டது. உள்ளே போய்ச் செண்டை கொட்டுகிற இரண்டு மாரார்களைச் சுவரோரம் நிறுத்தினார். மாஷ் வாசலுக்கு வெளியே கல்படியில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாசல் ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது, உள்ளே கொட்டுவது அவர் காதுக்கு எட்டாது. எண் ஏறியதும் "கொட்டறாங்க" என்றார். "நிறுத்திட்டாங்க." "இப்ப ஒருத்தர் மட்டும்." வாசலுக்கும் உள்ளுக்கும் ஓடி ஓடிப் பார்த்த நாயர் மூன்றாவது தடவை ஓடவில்லை. அப்படியே நின்று, மேல்முண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வாரஸ்யாரை நான் வெறுமனே..." என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர்தான். அன்றைக்கே நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாலாம் நாள் புது டிஸ்க் போட்டார்கள்.

அன்று மாஷ் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது வாரஸ்யார் வாசலுக்கு ஓடிவந்தார். ஒன்பது வருஷத்தில் இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாஷ் நினைத்ததைவிட அவர் குள்ளமாக இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க மாஷே! எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எப்பத் தெரிஞ்சது?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு மாஷுக்குப் பொய் வரவில்லை.

"போன கார்த்திகைக்கு. நீங்க போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அப்ப."

வாரஸ்யார் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

"அப்ப இத்தனை நாளா தெரியும். நான் தினம் ராத்திரி தூங்காம கிடந்தது..."

"தெரியும்."

"ஏன் மாஷே?"

"அதைச் சரி பண்ணிட்டா நீங்க கூப்பிட மாட்டீங்களேன்னு."

பின்னால் யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு இருவருக்கும் நடுவே புகுந்து உள்ளே போனார். வாரஸ்யார் அவருக்கு வழிவிட்டு வாசல்படிக்கு அந்தப் பக்கம் ஏறி நின்றுகொண்டார். கோபமாகத் திட்டுவார் என்று மாஷ் காத்திருந்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்.

"சும்மாக் கூப்பிட்டிருந்தாலே எடுத்திருப்பேனே மாஷே" என்றார் வாரஸ்யார்.

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் காவில் சர்வர் விழவே இல்லை.